கூகியும் அச்செபேயும் எதில் மோதிக்கொண்டார்கள்?

தாய்மொழிவழிக் கல்வியைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் பெயர் எப்படியும் வந்துவிடும். அவருக்கு எதிர்க்கட்சிக்காரர் போல நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயும் கூடவே வருவார். ‘கூகி ஆங்கிலத்தை உதறிவிட்டுத் தாய்மொழிக்குத் திரும்பினார், அச்செபே கடைசிவரை ஆங்கிலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்’ என்று இரண்டே வரியில் விஷயம் முடிந்துவிடும்.

இந்த இரண்டு வரியை நம்பினால் சில செய்திகளுக்கு விளக்கம் கிடைக்காது. அச்செபே தன் தாய்மொழியான இக்போவில் கவிதை எழுதியவர். 1999இல் நைஜீரியாவின் ஓவெர்ரி நகரில் இக்போவிலேயே ஒரு பேருரை நிகழ்த்தினார். கூகியோ தன் தாய்மொழியான கிக்கூயூவில் எழுதிய நாவல்கள் சிலவற்றைத் தானே ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2010இல் தன் இளமைப் பருவ நினைவுகளை ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். அப்படியானால் சண்டை எதைப் பற்றியது? அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## இருவரும் யார்?

அச்செபே 1930இல் நைஜீரியாவின் இக்போ பகுதியில் ஒகிடி என்ற ஊரில் பிறந்தார். தந்தை கிறித்தவ மறைக்கல்வி ஆசிரியர். 1958இல் வந்த முதல் நாவல், தமிழில் ‘சிதைவுகள்’ என்று வெளியானது, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. 2013இல் மறைந்தார்.

கூகி 1938இல் கென்யாவின் லிமுரு பகுதியில் கமிரீத்து ஊரில் பிறந்தார். தாய்மொழி கிக்கூயூ. முதல் நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, ஐந்தாவதிலிருந்து கிக்கூயூவுக்கு மாறினார். 2025 மே மாதம் காலமானார்.

இருவருக்கும் வயது வித்தியாசம் எட்டு ஆண்டுகள்தான். ஆனால் இலக்கிய உலகில் அச்செபே ஒரு தலைமுறை மூத்தவர். கூகியின் முதல் நாவல் அச்சேறியதில் அச்செபேக்குப் பங்குண்டு. எதிரிகள் என்று நாம் நிறுத்திவைக்கும் இருவரின் உறவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

## வாடகை வீட்டுக்காரர்கள்

விஷயத்தைப் பிடிக்க ஓர் உவமை. தலைமுறை தலைமுறையாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். வீட்டைக் கட்டியவர் வேறு யாரோ. அண்ணன் சொல்கிறார்: “இங்கேயே வளர்ந்துவிட்டோம். சுவரை இடித்து, திண்ணை வைத்து, நமக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்வோம்.” தம்பி கேட்கிறார்: “நீ வைக்கும் ஒவ்வொரு செங்கல்லும் யார் சொத்தின் மதிப்பைக் கூட்டுகிறது? நம் சொந்த மனை அங்கே முள் மண்டிக் கிடக்கிறதே, அதை எப்போது பார்ப்பாய்?”

வீடு ஆங்கிலம். அண்ணன் அச்செபே, தம்பி கூகி. இதற்கு அண்ணனிடம் ஒரு மறுமொழி உண்டு: “சொந்த மனை என்கிறாயே, அதன் வரைபடத்தைப் போட்டதே வெள்ளைக்காரப் பாதிரியார்தான், தெரியுமா?” அந்தப் பகுதிதான் நம் பேச்சுகளில் அடிபட்டுப்போகிறது.

உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் குடியிருக்க முடியாது, இரண்டு மொழியில் முடியும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அச்செபேயின் கடைசி வாதம் நிற்கிறது.

## கம்பாலா, 1962

1962 ஜூனில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கான மாநாடு என்று அதன் பெயரிலேயே இருந்தது. அச்செபே அங்கே நட்சத்திரம். கூகி அங்கேயே படித்துக்கொண்டிருந்த மாணவர். அப்போது அவருடைய பெயர் ஜேம்ஸ் கூகி.

கையெழுத்துப் பிரதியாக இருந்த தன் நாவலை மாணவர் மூத்தவரிடம் கொடுத்தார். அச்செபே படித்துக் கருத்துச் சொன்னார். லண்டனின் ஹைனிமன் பதிப்பகம் அந்த ஆண்டுதான் ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கென்று மலிவுப் பதிப்பு வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது, அதன் ஆசிரியர் அச்செபே. 1964இல் கூகியின் நாவல் அந்த வரிசையில் வெளிவந்தது.

அந்த மாநாட்டை இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1986இல், மனத்தின் காலனிய நீக்கம் பற்றிய தன் கட்டுரை நூலில் கூகி திரும்பிப் பார்த்தார். அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. ஆங்கிலத்தில் இரண்டே சிறுகதை வெளியிட்டிருந்த மாணவனான தனக்கு அழைப்பு வரத் தகுதி இருந்தது. சுவாஹிலியில் கவிதையும் உரைநடையும் எழுதிக் குவித்த ஷாபான் ராபர்ட்டுக்கு இல்லை. யொருபாவில் பல நூல்கள் எழுதிய ஃபகுன்வாவுக்கும் இல்லை. ஆப்பிரிக்க எழுத்தாளர் யார் என்று முடிவு செய்தது அவர் எழுதிய ஐரோப்பிய மொழி.

ஒரு திருத்தம்: இந்தச் சர்ச்சையைத் தொடங்கியவர் கூகி என்று எழுதுகிறார்கள். உண்மையில் தொடங்கியவர் ஒபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர். ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று 1963இலேயே ‘டிரான்சிஷன்’ இதழில் எழுதினார். கூகி அவருக்குரிய பெருமையை அவருக்கே கொடுத்திருக்கிறார்.

இதுவரை: இருவரும் ஒரே மாநாட்டில், ஒரே பதிப்பு வரிசையில் இருந்தவர்கள். பிரிவு பின்னால் வந்தது.

## அச்செபே ஆங்கிலத்தை என்ன செய்தார்?

1964இல் ஓர் உரையில் அச்செபே தன் நிலையைச் சொன்னார். ஒருவன் தாய்மொழியை விட்டு இன்னொருவர் மொழியில் எழுதுவது பெரிய துரோகம் போலத் தோன்றுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தனக்கு வேறு வழி இல்லை, இந்த மொழி தனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்தப்போகிறேன் என்றார். அவர் கேட்டது ஒரு புதிய ஆங்கிலம்: பிறந்த வீட்டோடு உறவு அறாமல், ஆப்பிரிக்கச் சூழலுக்கு ஏற்ப மாறிய ஆங்கிலம்.

‘புதிய ஆங்கிலம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட, அவர் கையாண்ட வழிகளைப் பார்த்தால் புரியும். இக்போ சொற்கள் சிலவற்றை அப்படியே விட்டார். ஒருவனுடைய தனித் தெய்வத்தைக் குறிக்கும் ‘சி’ அவற்றில் ஒன்று. பழமொழிகளை ஆங்கிலப் பழமொழிகளாக மாற்றாமல் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்தார். வாக்கியத்தின் நடையை இக்போ முதியவர் பேசும் நடைக்கு இழுத்தார். மூன்றில் கடினமானது கடைசிதான். முதல் இரண்டை மட்டும் பின்பற்றியவர்கள் பலர், அவர்களுடைய உரைநடை அங்கங்கே உள்ளூர்ச் சொல் ஒட்டிய சாதாரண ஆங்கிலமாக நின்றுவிட்டது.

அவரே கொடுத்த எடுத்துக்காட்டு இது. 1964இல் வந்த அவருடைய மூன்றாம் நாவலில் தலைமைப் பூசாரி ஒருவர் தன் மகனை மிஷனரிகளிடம் அனுப்புகிறார். அவர் பேசுவது ஏறத்தாழ இப்படி: “என் பிள்ளைகளில் ஒருவன் இவர்களோடு சேர்ந்து அங்கே என் கண்ணாக இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் திரும்பி வந்துவிடு. ஏதாவது இருந்தால் என் பங்கைக் கொண்டுவா. உலகம் முகமூடி ஆட்டம் மாதிரி. நன்றாகப் பார்க்க வேண்டுமானால் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது.”

இதையே வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று சொல்லி அச்செபே இன்னொரு வடிவமும் தந்தார். அதில் பூசாரி தன் மகனைப் ‘பிரதிநிதியாக’ அனுப்புகிறார், காலத்தோடு நகராவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்கிறார். செய்தி ஒன்றுதான். இரண்டாவதைப் பேசுகிறவர் பூசாரி இல்லை, ஓர் அரசு அலுவலர். இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டுத் தீர்மானிப்பதுதான் அச்செபேயின் வேலைமுறை.

## கூகியின் வாதம் எப்படி இயங்குகிறது?

கூகியின் வாதத்தை மொழிப்பற்று என்று சுருக்கிவிடுவது எளிது. அவர் சொல்வது ஒரு பொறிமுறை.

மொழிக்கு இரண்டு வேலை என்கிறார். செய்தியைக் கொண்டுசேர்ப்பது ஒன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவையும் மதிப்பீடுகளையும் சுமந்துசெல்வது மற்றொன்று. காலனியம், அதாவது அயல்நாடு ஒன்று நிலத்தையும் ஆட்சியையும் பள்ளியையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஏற்பாடு, இந்த இரண்டு வேலையையும் குழந்தைக்குள் பிரித்துவிடுகிறது. வீட்டில், வயலில், கதை கேட்கும் இரவில் ஒரு மொழி. படிப்பு, தேர்வு, சிந்தனைக்கு இன்னொரு மொழி. குழந்தை தன்னையே வெளியிலிருந்து பார்க்கப் பழகுகிறது, வேறொருவர் கண்ணாடி வழியாக.

1952இல் கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், கிக்கூயூப் பள்ளிகள் ஆங்கிலேய அதிகாரத்துக்குள் வந்ததும் நடந்ததை அவர் விவரிக்கிறார். பள்ளியில் தாய்மொழி பேசிப் பிடிபட்டால் பிரம்படி. அல்லது ‘நான் முட்டாள்’, ‘நான் கழுதை’ என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. காலையில் ஒரு மாணவனிடம் பொத்தான் ஒன்றைக் கொடுப்பார்கள். தாய்மொழி பேசுகிறவன் கையில் அதை அவன் கொடுத்துவிட வேண்டும். மாலையில் பொத்தான் யாரிடம் இருக்கிறதோ அவன், தனக்குக் கொடுத்தவனைச் சொல்வான். அவன் தனக்கு முன்னால் வைத்திருந்தவனைச் சொல்வான். அன்று பேசிய அத்தனை பேரும் சிக்குவார்கள்.

ஆசிரியர் ஒருவரையும் கண்காணிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். தாய்மொழி ஒரு குற்றத்தின் தடயமாகிவிடுகிறது. தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருந்த ஆங்கிலவழிப் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலனிய நீக்கம் என்று கூகி சொல்வது, கொடி மாறியபின்னும் மனத்திலும் நிறுவனங்களிலும் தங்கிவிட்ட அந்த ஏற்பாட்டைக் களைவதை. எழுத்தாளன் பங்குக்குச் செய்ய வேண்டியது, விவசாயியும் தொழிலாளியும் பேசும் மொழியில் எழுதுவது.

சுருக்கமாக: அச்செபே பார்ப்பது பக்கத்தில் எழுதப்பட்ட வாக்கியத்தை. கூகி பார்ப்பது அந்தப் பக்கம் யார் கைக்குப் போகிறது என்பதை.

## ஒரே ஆண்டு, இரண்டு படைப்புகள்

கூகியின் தரப்புக்கு மிக வலுவான சான்று 1977இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆங்கிலத்தில் அவருடைய நான்காம் நாவல் வந்தது. சுதந்திரக் கென்யாவின் புதுப்பணக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட நாவல். தடை இல்லை, வெளியீட்டு விழாவுக்கு வந்தவர் அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாக்கி.

அதே ஆண்டு கமிரீத்து ஊர் மக்களோடு சேர்ந்து கிக்கூயூவில் ஒரு நாடகம். கூகி வா மிரீ என்ற இன்னொருவரும் நம் கூகியும் எழுதிய பிரதியை ஊரார் கேட்டுத் திருத்தினார்கள். திறந்தவெளி அரங்கையும் அவர்களே கட்டினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மேடையேறியது, நவம்பர் நடுவில் அனுமதி ரத்து. டிசம்பர் கடைசியில் கூகியை விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தார்கள். 1982இல் அரங்கையே இடித்துத் தள்ளினார்கள். ஆங்கில நாவலுக்கு அமைச்சர், கிக்கூயூ நாடகத்துக்குப் போலீஸ். எந்த மொழி ஆட்சிக்கு ஆபத்து என்பதை ஆட்சியே காட்டிக்கொடுத்துவிட்டது.

கமிதி என்ற சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதியதுதான் அவருடைய முதல் கிக்கூயூ நாவல். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. ‘கிக்கூயூவில் யார் படிப்பார்கள்?’ என்ற கேள்விக்கு விற்பனையே பதில் சொன்னது. 1980இல் 5,000 படிகள் அச்சிட்டார்கள். விற்று முடிய மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும் என்று கணக்கு. ஒரே மாதத்தில் இன்னொரு 5,000 அடிக்க வேண்டிவந்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே மேலும் ஒரு 5,000.

படி எண்ணிக்கையை விட வாசகர் எண்ணிக்கை பெரிது. குடும்பங்கள் மாலையில் கூடி எழுத்துத் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டன. மதுக்கடைகளில் ஒருவர் சத்தமாகப் படிப்பார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் தன் கோப்பை காலி என்று கண்டு புத்தகத்தைக் கீழே வைப்பார். கேட்டவர்கள் இன்னொரு பாட்டில் வாங்கித் தருவார்கள். வாய்மொழி இலக்கியம், அதாவது எழுத்தின் துணையில்லாமல் சொல்லியும் பாடியும் நடித்தும் வாழும் இலக்கியம், ஒரு நாவலைத் தன் பழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது.

## “அந்தச் சொந்த மொழி யார் செய்தது?”

இப்போது அச்செபேயின் மறுப்பு. 1989இல் எழுதிய கட்டுரையில் கூகியோடு தனக்குள்ள வேறுபாட்டை அவரே ஒரு வரியில் சொன்னார்: இதுவா அதுவா என்று கூகி இப்போது நம்புகிறார், இரண்டும் என்றே தான் எப்போதும் நினைத்துவந்ததாக.

அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று அரசியல். நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள். காலனியம் வரைந்த நாட்டு எல்லையை ஏற்றுக்கொண்டபின், அந்த நாட்டுக்குள் ஒருவரோடொருவர் பேச, காலனியத்தை விரட்டவும்கூட, ஆங்கிலம் தேவைப்பட்டது என்றார். இக்போ மக்கள் மீது வன்முறை, பிறகு இக்போ பகுதி தனிநாடாகப் பிரிய முயன்று 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா போர் என்று அனுபவித்தவருக்கு, நைஜீரியாவில் ஒரு மொழிக் குழுவின் பெயரில் நிற்பதன் விலை தெரியும். ஆங்கிலேயர் ஆங்கிலத்தைத் திணித்தார்கள் என்பதையும் அவர் முழுதாக ஏற்கவில்லை. பல இடங்களில் மிஷனரிகள் உள்ளூர் மொழியில் கற்பிக்க விரும்ப, ஊர் மக்களே ஆங்கிலம் கேட்டார்கள் என்று வாதிட்டார்.

நம் காதில் விழாமலே போகும் வாதம் இக்போவைப் பற்றியது. தரப்படுத்தல் என்றால் பல வட்டார வழக்குகள் உள்ள மொழிக்குப் பொதுவான ஒரே எழுத்து வடிவத்தை உருவாக்குவது. இக்போவுக்கு அதைச் செய்தவர் தாமஸ் டென்னிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். பைபிளுக்காக வெவ்வேறு பகுதி வழக்குகளைக் கலந்து ஓர் ‘ஒன்றிய இக்போ’வைச் செய்தார், பைபிள் 1913இல் வந்தது. எந்த ஊரிலும் எவரும் பேசாத மொழி அது என்பது அச்செபேயின் குற்றச்சாட்டு. பள்ளிகள் வழியாக அதுவே எழுத்து மொழியாகிவிட்டது, அதன் இறுக்கத்தில் இக்போவின் இசை செத்துவிட்டது என்றார். ஓவெர்ரி உரையை அவர் தரப்படுத்திய இக்போவில் நிகழ்த்தவில்லை, தன் வட்டார வழக்கில் நிகழ்த்தினார். அதற்கு எதிர்ப்பும் வந்தது.

கூகிக்கும் இதே வலி இருந்தது. கிக்கூயூவின் எழுத்து முறையையும் மிஷனரிகள்தான் அமைத்தார்கள். குறிலும் நெடிலும் சரியாகப் பிரியாததால், முந்தைய நாள் எழுதிய வாக்கியம் மறுநாள் வேறு பொருள் தருகிறது என்று சிறையில் திண்டாடினார். குறை ஒன்றுதான், இருவரும் வந்த முடிவு வேறு. தொடர்ந்து எழுதினால்தான் மொழி சீராகும் என்றார் கூகி. கெட்டுப்போன வடிவத்தை விசுவாசத்தின் பெயரால் சுமக்க மாட்டேன் என்றார் அச்செபே. என் கணிப்பில் இந்தப் புள்ளியில் கூகியின் பக்கம் சற்று கனமானது. எழுத்து வடிவத்தைத் திருத்த, அதில் எழுதுகிறவர்கள் வேண்டும். தன் வட்டார இக்போவில் அச்செபே ஒரு நாவல் எழுதியிருந்தால் அதுவே டென்னிஸுக்கு நல்ல பதிலாக இருந்திருக்கும்.

## நாடு வேறு, காயம் வேறு

கென்யாவில் வெள்ளையர் குடியேறி நிலத்தைப் பிடித்தார்கள். கூகியின் குடும்பம் நிலமிழந்த குடும்பம். அண்ணன் ஒருவர் வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான மௌ மௌ கிளர்ச்சியில் காட்டுக்குப் போனார். தந்தையின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த, காது கேளாத சகோதரரை, ‘நில்’ என்ற கட்டளை கேட்காமல் நடந்ததற்காகச் சுட்டுக் கொன்றார்கள். நைஜீரியாவில் அப்படிக் குடியேற்றம் இல்லை. உள்ளூர்த் தலைவர்கள் வழியாக ஆண்டார்கள். கூகிக்கு மொழி, பறிபோன நிலத்தின் இன்னொரு பெயர். அச்செபேக்கு அது பல இனங்கள் கூடும் சந்தை.

## ஒன்றுபட்ட இடங்கள்

இருவரும் தங்கள் கிறித்தவப் பெயரைக் கழற்றியவர்கள்: ஒருவர் ஆல்பர்ட், மற்றவர் ஜேம்ஸ். நாவலாசிரியன் ஆசிரியனும்கூட என்று 1965இலேயே அச்செபே எழுதினார். கூகி அதற்கு மாறாக ஒரு நாளும் நின்றதில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆட்சியாளர்களை இருவரும் நாவலில் தாக்கினார்கள். பாடத்திட்டத்தையும் தாக்கினார்கள். 1968இல் நைரோபி பல்கலைக்கழக ஆங்கிலத் துறையை ஒழித்து, ஆப்பிரிக்க இலக்கியத்தை மையமாக வைக்க வேண்டும் என்று கூகியும் இரு நண்பர்களும் அறிக்கை கொடுத்தார்கள். 1975இல் அமெரிக்காவில் ஓர் உரையில், ஆங்கிலப் பாடத்திட்டங்கள் போற்றிய நாவலாசிரியர் ஜோசப் கான்ராடை இனவெறியர் என்று பெயர் சொல்லிச் சாடினார் அச்செபே.

## தமிழில் பேசும்போது எங்கே இடறுகிறது?

கூகியை நேராகத் தமிழுக்குப் பொருத்தும்போது ஒரு வேறுபாடு மறந்துபோகிறது. கிக்கூயூவும் இக்போவும் லத்தீன் எழுத்தில் மிஷனரிகள் கைவழியாகப் பரவலான எழுத்து வடிவம் பெற்றவை. தமிழுக்கு ஈராயிரம் ஆண்டு எழுத்து மரபு, சொந்த வரிவடிவம், பத்திரிகை, பதிப்பகம் எல்லாம் உண்டு. ‘தமிழில் நாவல் எழுதலாமா?’ என்பது நமக்குக் கேள்வியே இல்லை. பள்ளியில், உயர்கல்வியில், நீதிமன்றத்தில் தமிழ் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. கூகியின் பொத்தான் இங்கே பொருந்தும், அவருடைய பதிப்புச் சிக்கல் அவ்வளவாகப் பொருந்தாது. அச்செபே சொன்ன ‘ஒன்றிய இக்போ’ விவகாரத்தையோ, மேடைத் தமிழுக்கும் வட்டாரத் தமிழுக்கும் நடுவே எழுதும் எவரும் சட்டென்று புரிந்துகொள்வார்.

## எதை முதலில் படிப்பது?

கட்டுரைகளைக் காலவரிசையில் படியுங்கள்: ஒபி வாலி 1963, அச்செபே 1964, கூகியின் 1986 நூலில் முதல் அத்தியாயம், அச்செபே 1989. நடுவில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்பது பிடிபடாது. நாவல்களில் முதலில் ‘சிதைவுகள்’. பழமொழி வரும் இடங்களில் நின்று, அதைச் சொல்பவர் யார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு போங்கள். பிறகு ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. அது கூட்டத்துக்கு உரக்கச் சொல்லப்படுவதுபோல எழுதிய கதை, கதைசொல்லியே ஒரு பாணர். மௌனமாகப் படித்தால் வசனங்கள் நீளமாகத் தெரியும். முதல் அத்தியாயத்தை இரண்டு பேருக்காவது சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.